பார்க்காமல் போட்ட பச்சை

ஜூன் 3

பெறுநர்: கருவியின் ஆசிரியர், உரிமையாளர், இன்னபிற
பொருள்: பிழைகள் இரண்டு, சந்தேகம் ஒன்று

மதிப்பிற்குரிய ஐயா,

பிரவுசரோடு இணைத்துக்கொள்கிற தங்கள் எக்ஸ்டென்ஷன் கருவியின் அறிமுகப் பக்கத்தில், "பிழை கண்டால் எழுதுங்கள், ஒவ்வொரு கடிதத்தையும் நானே படிக்கிறேன்" என்று போட்டிருக்கிறது. நம்பி எழுதுகிறேன். நான் தங்கள் உடன்பிறந்த அக்கா என்பதைத் தாங்கள் கண்டுகொள்ள வேண்டாம். ஒன்றரை வருடமாக அப்படித்தானே நடந்துகொண்டிருக்கிறது, சிரமம் இருக்காது.

ஓர் இணையப் பக்கத்தைக் கண் தெரியாதவர்கள் பயன்படுத்த முடியுமா என்று சோதித்துச் சொல்வது தங்கள் கருவியின் தொழில். என் தொழிலும் அதுதான். தாங்கள் ஒரு நொடியில் சொல்லிவிடுகிறீர்கள், நான் ஒரு நாள் எடுத்துக்கொள்கிறேன். எங்கள் அலுவலகத்தில் அப்படிச் சோதித்துச் சான்றிதழ் கொடுக்கிறோம். எங்கள் மேலாளருக்கு "ஆச்சா?" என்று கேட்பதைத் தவிர வேறு பேச்சு வராது. அதனால் அவர் பெயரே ஆச்சா. போன வாரம் அவர் தங்கள் கருவியைக் கண்டுபிடித்துவிட்டார். "ஒரு க்ளிக்குல பச்சை வந்துடுதும்மா, இதுக்கு எதுக்கு ஒரு நாள்?" என்று என்னிடமே கேட்டார். இந்த மாதம் 28ஆம் தேதி கருவியை எல்லோர் முன்னாலும் ஓட்டிப் பார்த்து முடிவெடுப்பாராம். பச்சை வந்தால் ஜூலையில் என் நாற்காலிக்கு வேலை இல்லை. அதனால் அக்கறையோடு சோதித்தேன்.

பிழை ஒன்று. என் கணினியில் திரையை வாசித்துச் சொல்கிற குரலுக்கு வாயாடி என்று பெயர் வைத்திருக்கிறேன். தங்கள் கருவியைத் திறந்தால் வாயாடி, "பட்டன். பட்டன். பட்டன். பட்டன்" என்கிறாள். எந்தப் பட்டனுக்கும் பெயரில்லை. கண் தெரியாதவர்களுக்காகச் செய்த கருவியைக் கண் தெரியாதவள் திறக்க முடியவில்லை.

பிழை இரண்டு. முடிவு ஒரு வட்டமாம், அதன் நிறம்தான் முடிவாம். பச்சை என்றால் தேர்ச்சி, சிவப்பு என்றால் தோல்வி. எழுத்தில் ஒன்றுமே இல்லை. பக்கத்து மேசைக்காரியைக் கூப்பிட்டு, "என்ன நிறம்?" என்று கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். அவள் சிரித்தாள். நியாயமான சிரிப்பு.

சந்தேகம். அறிமுகப் பக்கத்தின் உச்சியில் ஒரு படம் இருக்கிறது. அதற்கு விவரம் எழுதாததால் வாயாடி அதன் கோப்புப் பெயரையே "ஐ எம் ஜி நான்கு நான்கு ஏழு ஒன்று" என்று வாசிக்கிறாள். அதன் கீழே, "என் அக்காவின் கண்ணீரில் பிறந்த கருவி" என்று இருக்கிறது. ஆக, நான்கு நான்கு ஏழு ஒன்று என்பது நானா?

பதிலை எதிர்பார்க்கும்,
ஒரு பயனர்


ஜூன் 5

பொருள்: தங்கள் 3ஆம் தேதிக் கடிதம்

அன்புள்ள பயனருக்கு,

கடிதம் கிடைத்தது. ஆர்வத்துக்கு நன்றி.

பட்டன்கள்: இந்தக் கருவி பக்கங்களைக் கட்டுகிற டெவலப்பர்களுக்கானது. அவர்களுக்குக் கண் தெரியும். ஒவ்வொரு பட்டனிலும் ஒரு சின்னம் வரைந்திருக்கிறது, குழந்தைகூடப் புரிந்துகொள்ளும். புகார் மூடப்பட்டது.

நிறம்: பச்சை என்றால் என்ன அர்த்தம் என்று சாலையைக் கடக்கிற எல்லோருக்கும் தெரியும். புகார் மூடப்பட்டது.

வெளியிடுவதற்கு முன்னால் நான் கண்ணைக் கட்டிக்கொண்டு ஒரு மணி நேரம் இந்தக் கருவியைப் பயன்படுத்திப் பார்த்தேன். எனக்கு எந்தச் சிக்கலும் வரவில்லை.

படம்: அது பிழைக் கணக்கில் வராது. குடும்ப விஷயம் பேச வேண்டுமானால் அம்மாவிடம் போன் இருக்கிறது. இந்த முகவரி பயனர்களுக்கு மட்டும்.

உங்கள் மேலாளரும் எனக்கு எழுதியிருந்தார். பண்பான மனிதர். இரண்டு கடிதங்களையும் ஒரே நாளில் படித்தேன். அந்த அலுவலகத்தில் அப்படியும் ஒருவர் இருக்கிறாரே என்று ஆறுதல்பட்டுக்கொண்டேன்.

தங்கள்,
ஆசிரியர்


ஜூன் 10

பொருள்: பச்சைப் பொய்

மதிப்பிற்குரிய ஐயா,

கண்ணைக் கட்டிக்கொண்டீர்களா? ஒரு வேளை சாப்பிடாமல் இருந்துவிட்டுப் பஞ்சத்தைப் பற்றிப் பிரசங்கம் செய்கிறவரைப் போல இருக்கிறது. கட்டிக்கொண்டவர் எப்போது வேண்டுமானாலும் அவிழ்த்துக்கொள்ளலாம். தாங்கள் சின்ன வயதில் கண்ணாமூச்சி ஆடும்போதே துணிக்கு அடியில் எட்டிப் பார்க்கிற ஆள் என்பது ஒரு பயனராக எனக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. ஆனாலும் தெரியும்.

இப்போது விஷயம். எனக்குக் கடைவாய்ப் பல் வலி. எங்கள் தெருமுனையில் இருக்கிற பல் மருத்துவமனையில் நேரம் வாங்க அவர்களுடைய இணையப் பக்கத்துக்குப் போனேன். பெயர் எழுத முடிந்தது, வயது எழுத முடிந்தது. நாள் தேர்ந்தெடுக்கிற இடம் வந்ததும் வாயாடி ஊமையாகிவிட்டாள். அங்கே ஒரு நாட்காட்டி இருக்கிறதாம். எனக்கு அது வெறும் சுவர். டேப் விசையைத் தட்டித் தட்டி விரல் வலித்தது. இப்போது பல்லோடு சேர்த்து விரலும் வலிக்கிறது.

இதில் வேடிக்கை என்ன தெரியுமா? அந்தப் பக்கத்துக்கு எங்கள் அலுவலகம் போன வாரம்தான் சான்றிதழ் கொடுத்திருக்கிறது. நான் சோதிக்கவில்லை. ஆச்சா தங்கள் கருவியை ஓட்டினார், பச்சை வந்தது, கையெழுத்துப் போட்டார். ஆச்சு.

எப்படிப் பச்சை வந்தது என்று நானும் பக்கத்து மேசைக்காரியும் தோண்டினோம். அந்த நாட்காட்டி மருத்துவமனையுடையது இல்லை. வேறொரு நிறுவனத்தின் நாட்காட்டியை ஒரு பெட்டியாகக் கொண்டுவந்து பக்கத்துக்குள் மாட்டியிருக்கிறார்கள். தங்கள் கருவி அந்தப் பெட்டிக்குள் போகவே இல்லை. போகாமலே குறை இல்லை என்று சொல்லிவிட்டது. அப்புறம் ஒரு விஷமம் தோன்றியது. தங்கள் அறிமுகப் பக்கத்தின் மேலேயே தங்கள் கருவியை ஓட்டச் சொன்னேன். பெயரில்லாத படம் ஒன்று உச்சியில் உட்கார்ந்திருக்கிற அதே பக்கம். "பச்சைதான்க்கா!" என்று அவள் மேசையைத் தட்டிச் சிரித்தாள். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். தங்கள் கருவிக்குத் தன் முகமே தெரியவில்லை.

பூட்டிய வீட்டை வாசலிலிருந்து பார்த்துவிட்டு, உள்ளே எல்லாம் பத்திரம் என்று எழுதிக் கொடுக்கிற காவல்காரனை யாராவது வேலைக்கு வைத்துக்கொள்வார்களா? ஆச்சா வைத்துக்கொள்வார். அதுதான் என் கவலை.

எனவே பிழையோடு ஒரு வேண்டுகோளும். பச்சை, சிவப்பு இரண்டோடு மூன்றாவதாக ஒரு முடிவு வேண்டும். "பார்க்கவில்லை." அவ்வளவுதான். பார்த்தேன், குறை இல்லை என்பது வேறு. பார்க்கவே இல்லை என்பது வேறு. இரண்டுக்கும் ஒரே நிறம் அடிக்கிற கருவி, கருவி இல்லை, ரப்பர் ஸ்டாம்ப்.

பல் வலியுடன்,
ஒரு பயனர்


ஜூன் 13

பொருள்: தங்கள் 10ஆம் தேதிக் கடிதம்

அன்புள்ள பயனருக்கு,

நீங்கள் எழுதியது எனக்குத் தெரியாததில்லை. ஒரு பக்கத்துக்குள் வேறொருவரின் பெட்டி மாட்டியிருந்தால் அதற்குள் போக பிரவுசர் என் கருவியை விடாது. பாதுகாப்பு விதி. கருவியோடு வருகிற அறிமுகப் பக்கத்துக்குள்ளும் விடாது. போக முடியாத இடத்திலிருந்து பிழைப் பட்டியல் காலியாக வருகிறது. பட்டியல் காலியாக இருந்தால் பச்சை போடு என்று எழுதியிருக்கிறேன். பிழை எங்கே இருக்கிறது? கணக்கு சரியாகத்தான் இருக்கிறது.

மூன்றாவது முடிவு சாத்தியமில்லை. சொல்லப்போனால் சாத்தியம்தான், ஒரு வார வேலை. ஆனால் செய்ய மாட்டேன். இப்போதெல்லாம் பாதிப் பக்கங்களில் யாருடைய பெட்டியாவது மாட்டியிருக்கிறது. எதைத் திறந்தாலும் "பார்க்கவில்லை, பார்க்கவில்லை" என்று சாம்பல் நிறத்தில் காட்டினால் எவன் வாங்குவான்? தராசு முள் நடுவில் நின்று "எனக்குத் தெரியாது" என்று சொன்னால் கடைக்காரன் அந்தத் தராசை வைத்துக்கொள்வானா?

இதற்கு மேல் பயனர், ஆசிரியர் என்று எழுத எனக்குப் பொறுமை இல்லை. இருந்த வேலையை விட்டுவிட்டு இந்த ஒரு கருவியை நம்பி உட்கார்ந்திருக்கிறேன். இதுவரை ஆளுக்கு ஒன்று இரண்டு என்று வாங்கியிருக்கிறார்களே தவிர, அலுவலகமாக வாங்க வந்த முதல் இடம் உன்னுடையது. அதை ஏன் நீயே கெடுக்கிறாய் என்று எனக்கு நன்றாகத் தெரியும். நான் ஜெயிப்பது உனக்குப் பிடிக்கவில்லை. உனக்கு இப்போது குறை கண்டுபிடிக்கச் சம்பளம் கொடுக்கிறார்கள். சம்பளம் இல்லாத காலத்திலும் நீ அதைத்தான் செய்தாய். முதல் சம்பளத்தில் ஆசையாகப் பேசும் கடிகாரம் வாங்கித் தந்தேன். "மணி கேட்டா பாட்டு பாடுது, எடுத்துட்டுப் போ" என்றாய். ஒரு நன்றி வந்ததா உன் வாயிலிருந்து?

புகார் மூடப்பட்டது. வேண்டுகோள் நிராகரிக்கப்பட்டது.

தம்பி


ஜூன் 14

பொருள்: பொருளும் இல்லை, மண்ணும் இல்லை

ஐயா என்று தொடங்கினேன், கை வரவில்லை. டேய்.

அந்தக் கடிகாரம் மணி சொல்வதற்கு முன்னால் முழுப் பாட்டுப் பாடும். மணி எட்டா என்று கேட்டால் பாடி முடிக்கும்போது எட்டு தாண்டியிருக்கும். அதைச் சொன்னது குற்றமா? உனக்கு நன்றிதான் வேண்டியிருந்தது, கடிகாரம் ஓடுகிறதா என்பது வேண்டியதாக இல்லை. இப்போதும் அதே கதைதான்.

நான் ஏன் உன்னோடு பேசுவதை நிறுத்தினேன் என்று நீ ஒரு தடவையாவது கேட்டிருப்பாயா? நீயாகவே ஏதாவது முடிவு செய்துகொண்டிருப்பாய், பட்டியல் காலி என்று. இப்போது நானே சொல்கிறேன், கேள். இந்தக் கருவியைப் பற்றி நீ மேடையேறிப் பேசிய அன்று அம்மா போனை ஸ்பீக்கரில் போட்டு, "உன் தம்பி பேசறான், வந்து கேளு" என்று பெருமையாகக் கூப்பிட்டாள். ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தேன். "என் அக்காவால ஒரு சாதாரண படிவத்தைக்கூட நிரப்ப முடியாம, கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார்ந்து அழுதா. இதோ அந்தப் படம்" என்றாய். கூட்டம் மொத்தமாக "ச்சு" கொட்டியது. அந்தச் சத்தம் இன்னும் என் காதில் இருக்கிறது.

நான் எந்தப் படிவத்தைப் பார்த்து அழுதேன்? நிரப்ப முடியாத படிவம் வந்தால் நான் அழ மாட்டேன், திட்டுவேன். அந்த நிறுவனத்துக்கே போன் போட்டுத் திட்டியிருக்கிறேன். திட்டித் திட்டித்தான் இந்த வேலைக்கே வந்தேன். என்னை அழவைத்து மேடையில் காட்டுவதற்கு முன்னால் என்னிடம் ஒரு வார்த்தை கேட்டாயா? அந்தப் படத்தில் நான் அழுகிறேன் என்று பக்கத்து மேசைக்காரியும் சொல்கிறாள். எந்தப் படம் அது? எப்போது எடுத்தது? எனக்குத் தெரிந்து நான் கேமரா முன்னால் அழுததில்லை. கொஞ்சம் நன்றாகப் பார்த்துச் சொல்.

நீ ஜெயித்தால் எனக்குப் பிடிக்காது என்கிறாய். உன் கருவி என்னைவிட நன்றாக வேலை செய்தால் நானே எழுந்து, நாற்காலியைத் துடைத்துக் கொடுத்துவிட்டுப் போவேன். பன்னிரண்டு வருடம் உட்கார்ந்த நாற்காலி. பார்த்துவிட்டுச் சொல்கிற எதனிடம் வேண்டுமானாலும் தோற்கலாம். பார்க்காமல் போட்ட பச்சையிடம் தோற்கச் சொல்கிறாயே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

28ஆம் தேதிக்குள் அந்த மூன்றாவது முடிவைச் சேர்.

அக்கா


ஜூன் 18

பொருள்: கடைசிப் பதில்

படத்தில் கண்ணீர் இருக்கிறது. கன்னத்தில் பளபளவென்று தெரிகிறது. கண் தெரிந்த நூற்றுக்கணக்கான பேர் பார்த்திருக்கிறார்கள், ஒருவர்கூடச் சந்தேகப்படவில்லை. படத்தில் என்ன இருக்கிறது என்பதில் உன் சாட்சி எடுபடாது.

28ஆம் தேதி கருவி இப்போது இருக்கிறபடியேதான் ஓடும். உன் மேலாளரிடம் அப்படித்தான் உறுதி சொல்லியிருக்கிறேன்.

இனி இந்த முகவரிக்கு நீ எழுதினால் தானாகவே மூடப்படும்.

தம்பி


ஜூன் 20

பொருள்: ஐ எம் ஜி நான்கு நான்கு ஏழு ஒன்று

உன் கடிதத்தை வாயாடி வாசித்து முடித்தாள். வழக்கமாக இன்னொரு தடவை வாசிக்கச் சொல்வேன். சொல்லவில்லை. "உன் சாட்சி எடுபடாது" என்பதை எழுதிவிட்டு நீ சாப்பிட்டாயா, தூங்கினாயா என்று எனக்குத் தெரியாது. எனக்கு அன்றைக்கு இரண்டும் முடியவில்லை. பல் வலி என்று அம்மாவிடம் சொல்லிவைத்தேன்.

நேற்று அம்மா கஷாயம் மாதிரி எதையோ கொண்டுவந்து வைத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளுக்கு வேறு வேலை இல்லாத நேரம் பார்த்து அந்தப் படத்தைப் பற்றிக் கேட்டேன். உன் பக்கத்தைத் திறந்து போனை அவள் கையில் கொடுத்தேன். அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், ஏனென்றால் அவளுக்குக் கண் தெரியும், அவள் சாட்சி எடுபடும்.

"இதுவா அழுத போட்டோ? எவன் சொன்னான்? நான் எடுத்ததுடி இது. அன்னிக்கு ஃபேன் துடைக்கிறேன்னு ஸ்டூல் மேல ஏறி வாளியோட கவுந்தானே, உன் தம்பி. தட்டு முட்டெல்லாம் உருண்டு ஒரே சத்தம். நீ கம்ப்யூட்டர்ல ஏதோ தட்டிட்டு இருந்தவ, 'என்னடா ஆச்சு'ன்னு கேட்ட. அவன் தரையில மல்லாந்து கெடந்துகிட்டே, 'ஒண்ணும் ஆகலக்கா, எல்லாம் சரியா இருக்கு'ன்னான். அதக் கேட்டுட்டு நீ சிரிச்ச பாரு ஒரு சிரிப்பு! கண்ணுல தண்ணி தாரை தாரையா கொட்டுது, நிறுத்த முடியல உன்னால. எப்பவும் மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கிறவ சிரிக்கிறாளேன்னு ஓடிப் போய் போன எடுத்துட்டு வந்தேன். அவன் துணி மாத்திட்டு வர்றதுக்குள்ள எடுத்தாச்சு."

நான் சிரித்த படம் அது. உன்னைப் பார்த்துச் சிரித்தது. அதைத்தான் நீ அம்மா போனிலிருந்து எடுத்துப்போய், அழுகை என்று பெயர் வைத்து, மேடையில் ஏற்றி, ச்சு வாங்கியிருக்கிறாய். கன்னத்தில் தண்ணீர் இருந்தது, என் முன்னால் கணினி இருந்தது, நான் குருடி. பட்டியல் முடிந்தது உனக்கு. வாயைப் பார்த்தாயா? உதட்டை? கண் தெரிந்த நூற்றுக்கணக்கான பேர் பார்த்தார்களாம்! நீ அழுகை என்று சொன்னபிறகு பார்த்தார்கள். அவர்களை விடு. நீ பார்த்தாயா?

பார்க்காமல் பச்சை போடுவது உனக்குக் கருவி எழுதப்போய் வந்த பழக்கம் என்று நினைத்திருந்தேன். தரையில் கிடந்துகொண்டு "எல்லாம் சரியா இருக்கு" என்றாயே, அன்றைக்கே இருந்திருக்கிறது.

இனி நான் எழுத மாட்டேன். 28ஆம் தேதி பச்சை வரட்டும். என் நாற்காலியை யாருக்கு வேண்டுமானாலும் கொடுக்கட்டும். அந்தப் படத்தை மட்டும் எடுத்துவிடு, இல்லையென்றால் அதில் இருப்பதை எழுது. இரண்டில் ஒன்று. இதைத் தானாக மூடிவிடாதே.

அக்கா


ஜூன் 27

பொருள்: புதிய பதிப்பு

இன்று காலை வெளியிட்டிருக்கிறேன். மாற்றங்கள்:

எல்லாப் பட்டன்களுக்கும் பெயர் வைத்தாயிற்று. முடிவு இனி நிறத்தோடு எழுத்திலும் வரும், வாயாடி வாசிப்பாள். கண்ணைக் கட்டிக்கொள்ளவில்லை, திரையை அணைத்துவிட்டு அவளை வைத்துக்கொண்டு மூன்று நாள் உட்கார்ந்தேன். முதல் நாள் என் கருவியை என்னாலேயே திறக்க முடியவில்லை. பக்கத்தில் ஆள் இல்லாததால் யாரும் சிரிக்கவில்லை.

மூன்றாவது முடிவைச் சேர்த்திருக்கிறேன். உள்ளே போக முடியாத பெட்டி எங்கே இருந்தாலும் "இதைக் கருவி பார்க்கவில்லை. ஓர் ஆள் பார்க்க வேண்டும்" என்று வரும். ஒரே ஒரு பெட்டி இருந்தாலும் முழுப் பக்கத்துக்கும் பச்சை கிடைக்காது. நாளைக்கு உன் மேலாளர் அந்தப் பல் மருத்துவமனையைத்தான் ஓட்டிக் காட்டப்போகிறார். எனக்கு எழுதியிருந்தார், "பச்சை நிச்சயம்தானே?" என்று. பதில் போடவில்லை. எப்படியும் நாளை போனில் கத்துவார்.

அறிமுகப் பக்கத்தில் இப்போது "பார்க்கவில்லை" என்றுதான் வருகிறது. படம் அங்கேயேதான் இருக்கிறது. எடுத்துவிடவா, விவரம் எழுதவா? உன்னைக் கேட்காமல் இந்தத் தடவை எதையும் செய்வதாக இல்லை.

உன் புகார்கள் எல்லாவற்றையும் மறுபடி திறந்துவிட்டேன். கடிகாரத்தைப் பற்றியது உட்பட.

தம்பி


ஜூன் 29

பொருள்: 28ஆம் தேதி நடந்தது

கூட்ட அறையில் ஆச்சா, அவருக்கு மேலே இருக்கிற இரண்டு பேர், பக்கத்து மேசைக்காரி, நான். என் கணினியிலேயே ஓட்டச் சொன்னார், "அம்மாவே பார்த்துக்கட்டும்" என்று பெருந்தன்மையாக. பாடையைக் கட்டிவைத்துவிட்டு, வசதியாக இருக்கிறதா என்று படுக்கச் சொல்லிப் பார்க்கிற பெருந்தன்மை.

பட்டனை நானே கண்டுபிடித்து நானே அழுத்தினேன். யாரையும் நிறம் கேட்கவில்லை. வாயாடி அறை முழுக்கக் கேட்கிற மாதிரி, "நாட்காட்டிப் பெட்டி. இதைக் கருவி பார்க்கவில்லை. ஓர் ஆள் பார்க்க வேண்டும்" என்றாள். அவள் குரலில் ஏற்ற இறக்கம் கிடையாது என்பது உனக்குத் தெரியும். அதனாலேயே இன்னும் நன்றாக இருந்தது.

"என்னம்மா இது, மாச ஆரம்பத்துல பச்சையா இருந்துச்சே?" என்றார் ஆச்சா.

"அப்பவும் பார்க்கலை சார். இப்போ அதை ஒத்துக்குது."

"சரி, இப்போ இது பாஸா ஃபெயிலா? ஆச்சா, ஆகலையா?"

"ஆகலை சார்."

மேலே இருக்கிறவர்களில் ஒருவர், அப்படியானால் இதுவரை பச்சையைப் பார்த்துக் கொடுத்த சான்றிதழ்கள் என்ன ஆவது என்று மெதுவாகக் கேட்டார். உன் கருவியை வாங்கப்போவதில்லை. "இவ்வளவு உண்மை பேசற சாமானை வெச்சுக்கிட்டு நாம என்னம்மா பண்றது?" என்று ஆச்சா வெளியே வந்து என்னிடம் அங்கலாய்த்தார். மனிதர் வாழ்க்கையில் முதல் தடவையாக மனதிலிருந்து ஒரு கேள்வி கேட்டார். பச்சைச் சான்றிதழ் வாங்கிய எல்லாப் பக்கங்களையும் நான் மறுபடி கையால் சோதிக்க வேண்டுமாம். ஆக, என் வேலை போகவில்லை. உன் புண்ணியத்தில் கூடிவிட்டது. அதற்கும் சேர்த்து உன்னைத் திட்டிக்கொண்டிருக்கிறேன்.

உன் விற்பனை போய்விட்டது. அதற்கு வருத்தப்படுகிறேன் என்று எழுதினால் பொய். வருத்தமே இல்லை என்று எழுதினாலும் பொய். சாம்பல் என்று வைத்துக்கொள்.

பல்லைப் பிடுங்கியாயிற்று. நேரில் போய் வாசலில் நின்று நேரம் வாங்கினேன். அவர்கள் இணையப் பக்கத்தைப் பற்றி, வாயில் பஞ்சை வைத்துக்கொண்டே மருத்துவரிடம் சொன்னேன். அவருக்குப் பாதி புரிந்திருக்கும்.

படத்தை எடுக்காதே. எழுது. பார்த்துவிட்டு எழுது.

அக்கா


ஜூலை 1

பொருள்: பட விவரம், உன் ஒப்புதலுக்கு

"என் அக்கா கணினி முன்னால் உட்கார்ந்து சிரிக்கிறாள். வாய் முழுக்கத் திறந்திருக்கிறது, மேல்வரிசைப் பற்கள் எல்லாம் தெரிகின்றன. ஒரு கை வயிற்றைப் பிடித்திருக்கிறது, இன்னொரு கை மேசையை. கன்னத்தில் தண்ணீர், சிரித்து வந்தது. தரையில் கவிழ்ந்த வாளி, ஈரத் துணி. படத்தின் ஓரத்தில், வாசலைத் தாண்டிப் போகிற ஈரக் கால் ஒன்று. கால் என்னுடையது."

படத்தின் கீழே இருந்த கண்ணீர் வரியை எடுத்துவிட்டேன். வாளியும் காலும் இத்தனை நாளாக அதே படத்தில்தான் இருந்திருக்கின்றன. மேடையில் அவ்வளவு பெரிதாகப் போட்டும் எனக்குத் தெரியவில்லை.

தம்பி


ஜூலை 2

பொருள்: விவரத்தில் பிழை

வலது காலா, இடது காலா? ஒரு காலைப் பற்றி எழுதுகிறவன் எந்தக் கால் என்று எழுத வேண்டாமா? அப்புறம், மேல்வரிசைப் பற்கள் எல்லாம் என்று எழுதியிருக்கிறாய். கடைவாய்ப் பல் ஒன்று போன வாரம் போய்விட்டது. படத்தில் இருந்தால் சரி, எண்ணிப் பார்த்துச் சொல்.

வாயாடியை வாசிக்கச் சொன்னேன். "கால் என்னுடையது" என்பதை, "பட்டன்" என்று சொல்வாளே, அதே குரலில் சொன்னாள். இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னேன். மூன்றாவது தடவை அம்மா உள்ளேயிருந்து வந்து, "எதுக்குடி தனியா உட்கார்ந்து இப்படிச் சிரிக்கிற, கண்ணெல்லாம் தண்ணி வழியுது" என்றாள். போனை எடுக்க ஓடினாள். நான் தடுக்கவில்லை.

அந்தப் படமும் உனக்கு வரும். மேடையில் போட வேண்டுமானால் போட்டுக்கொள். காரணத்தையும் சேர்த்துச் சொல்.

புகாரை மூடாதே.

அக்கா